நம்பினால் மட்டும் போதுமா?

 

இம்மாதம் என் பிழை ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் மதரஸாவில் மஃரிபுக்குப் பின் சிறுவர்களுக்கு அகீதா பாடம் நடத்துவது என் பொறுப்பு. சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், சொர்க்கம் போக என்ன செய்ய வேண்டும் என்று கிறிஸ்தவ மார்க்கம் சொல்கிறது?" என்று கேட்டான். இஷா பாங்குக்கு நேரம் நெருங்கிக் கொண்டிருந்தது. "ஒன்றும் செய்ய வேண்டியதில்லையப்பா! ஈஸா நபி தங்கள் பாவத்தைச் சுமந்துவிட்டார் என்று நம்பினால் போதும். அதன்பின் எப்படி வாழ்ந்தாலும் கேள்வி கணக்கு இல்லை" என்று சொல்லிக் கிதாபை மூடிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த மாணவன் மறுநாளே பக்கத்து வீட்டுச் சிறுமியிடம், "உங்களுக்கென்ன, திருடினாலும் சொர்க்கம்தானே!" என்று சொல்லியிருக்கிறான். அவள் அழுதுகொண்டே பாட்டியிடம் போயிருக்கிறாள். பாட்டி வேறு யாருமல்லர். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஆங்கிலம் கற்பித்த டீச்சர்! ஆள் விட்டு அழைத்தார். போனேன். நோன்புக் கஞ்சி கொண்டு போய்க் கொடுத்த அதே வாசற்படியில் அன்று தலை குனிந்து நின்றேன்.

"தம்பி, உங்களைக் கடிந்துகொள்ள அழைக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள். சுனாமியில் பெற்றோரை இழந்த இரண்டு பிள்ளைகளை எங்கள் வீட்டுக்காரர் தம் பென்ஷன் பணத்தில் படிக்க வைத்தாரே, எப்படி வாழ்ந்தாலும் போதும் என்றால் அவர் எதற்காக அதைச் செய்தார்?"

"புண்ணியத்துக்காக..." என்று இழுத்தேன்.

"இல்லை. புண்ணியம் சேர்ப்பதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தம் கடனை வேறொருவர் முன்னமே அடைத்துவிட்டார் என்று நம்பினார். கடன் தீர்ந்தவன் சும்மா இருப்பானா? நன்றிக்காகச் செய்தார்."

கடனை வேறொருவர் அடைப்பது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அவர் சொன்னது நான் வகுப்பில் சொன்னதன்று. பிறர் மார்க்கத்தைப் பற்றி நாம் சொல்வதும் ஒரு சாட்சியம்தான். பகைவர் விஷயத்திலும் நீதி தவறாதீர் என்று திருமறை நமக்குக் கட்டளையிட்டிருக்கையில், பாடம் நடத்திய ஆசிரியையின் வீட்டார் விஷயத்தில் நான் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறேன்!

டீச்சரின் குடும்பம் லுத்தரன் சபையைச் சேர்ந்தது. எங்கள் பகுதியில் அச்சபைக்கு நீண்ட வேர் உண்டு. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர் லுத்தரன் பாதிரியார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர் அவரே. ஆனால் அச்சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூதரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பி.ஏ. வரலாற்றுத் தேர்வில் "1517, விட்டன்பர்க், 95 கருத்துரைகள்" என்று எழுதி மதிப்பெண் வாங்கியது மட்டுமே தெரியும். அந்த 95-இல் என்ன எழுதியிருந்தது என்று எந்தப் பேராசிரியரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதுதான் தேடிப் படித்தேன்.

லூதர் ஒரு துறவி. இறைவனின் தீர்ப்பை எண்ணி நடுங்கிக்கொண்டே இருந்தவர். நோன்பிருந்தார், இரவில் கண்விழித்தார், பாவசங்கீர்த்தனம் செய்ய மணிக்கணக்கில் குருவின்முன் அமர்ந்தார். எழுந்து போனபின், சொல்ல மறந்த பாவம் நினைவுக்கு வரத் திரும்பி வந்தார். இத்தனை செய்தும் "போதுமா?" என்னும் கேள்வி அவரை விடவில்லை. அக்காலத்தில் ரோமாபுரியில் புனித பேதுரு ஆலயம் கட்டுவதற்காக, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு எஞ்சியிருக்கும் தண்டனையைக் குறைக்கும் சீட்டுகள் ஜெர்மனியில் பணத்துக்கு விற்கப்பட்டன. இறந்துபோன தாய் தந்தையருக்காகவும் வாங்கலாம்! உத்தரிக்கும் ஸ்தலத்தில் வேதனைப்படும் ஆன்மாக்கள் அதனால் விடுபடும் என்றார்கள். இதை எதிர்த்தே லூதர் 1517 அக்டோபர் 31-இல் தம் கருத்துரைகளை மெயின்ஸ் பேராயருக்கு அனுப்பினார். கோயில் கதவில் ஆணியடித்து மாட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அவர் கண்ட விடை இது: மனிதன் எத்தனை அமல் செய்தாலும் இறைவன்முன் நீதிமானாக நிற்கத் தகுதி பெறுவதில்லை, இறைவன் தன் கிருபையால் அவனை நீதிமானாக ஏற்கிறான், அதை மனிதன் விசுவாசத்தால் பெற்றுக்கொள்கிறான். 1522-இல் அவர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தபோது, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் விசுவாசத்தைப் பற்றிய ஓரிடத்தில் 'மாத்திரம்' என்ற சொல்லை மூலத்தில் இல்லாமலே சேர்த்தார். மொழியின் இயல்புக்கு அது தேவை என்று அவர் வாதாடினார். மாற்றார் விடுவார்களா? ஒரு சொல்லுக்காக மூண்ட சர்ச்சை!

இங்கேதான் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இவ்வழக்கில் இரு தரப்பும் அழைத்த சாட்சி யார் தெரியுமா? நம் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள்தாம். பவுல் தம் நிருபத்தில், இப்ராஹீம் இறைவனின் வாக்குறுதியை நம்பினார், அந்த நம்பிக்கையே அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிறார். விருத்தசேதனக் கட்டளை வருவதற்கு முன்பே அது நிகழ்ந்தது என்றும் சுட்டுகிறார். அதே புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் வேறொரு காட்சியைக் காட்டுகிறது. மகனைப் பலிபீடத்தில் கிடத்தினாரே, அச்செயலால் அல்லவா அவர் நீதிமானானார் என்று அது கேட்கிறது. செயலில்லாத விசுவாசத்தை உயிரற்ற உடலுக்கு ஒப்பிடுகிறது. (அம்மகன் இஸ்ஹாக் என்பது அவர்கள் வேதம், இஸ்மாயீல் என்பது நம்மவரிடையே நிலைபெற்ற கருத்து. அது வேறு பேச்சு.) லூதருக்கு யாக்கோபின் நிருபம் உவப்பாக இல்லை, மற்ற நிருபங்களோடு ஒப்பிட்டு அதை வைக்கோல் என்றே முன்னுரையில் எழுதினார். ஆயினும் நூலிலிருந்து நீக்கவில்லை. நல்ல மரம் நல்ல கனி தராமல் இராது என்பதே அவர் தம் சீடர்களுக்குச் சொன்ன சமாதானம். கனியால் மரம் நல்லதாவதில்லை. மரம் நல்லதாக இருப்பதால் கனி வருகிறது என்பது அவர் வாதம். எப்படி வாழ்ந்தாலும் கணக்கில்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவர்களை அவரே கண்டித்து எழுதினார்!

ஹஜ்ஜுப் பெருநாள் குத்பாவில் ஆண்டுதோறும் இப்ராஹீம் நபியின் தியாகத்தைச் சொல்லி வருகிறேன். அதை ஈமான் என்பதா, அமல் என்பதா என்று நான் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. மகனின் கழுத்தில் கத்தியை வைத்தவரிடம் எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று யாரால் கோடு கிழிக்க முடியும்?

கத்தோலிக்கத் தரப்பு டிரெண்ட் நகரில் கூடிய பேரவையில், 1547 ஜனவரியில் தன் விடையைத் தந்தது. முதல் அருள் இறைவனின் இலவசக் கொடை என்பதை அதுவும் ஏற்றது. ஆனால் அவ்வருளோடு மனிதன் தன் விருப்பத்தால் ஒத்துழைக்க வேண்டும், நற்செயலால் அந்நீதி வளரும் என்றது. விசுவாசம் மாத்திரமே போதும், வேறெதுவும் வேண்டாம் என்போரைச் சபித்தது. திருமுழுக்கும், பாவசங்கீர்த்தனம் போன்ற அருட்சாதனங்களும் அவர்களிடம் இரட்சிப்பின் வழியோடு பிணைந்தவை. பின்னர் நடந்தது வரலாறு அறிந்தது. அரசியலும் மண்ணாசையும் சேர்ந்துகொள்ள, 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போரில் ஜெர்மானிய நாடுகள் பிணக்காடாயின.

1999 அக்டோபர் 31-இல், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையொப்பமிட்டன. லூதர் கருத்துரைகளை அனுப்பி 482 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வறிக்கையின் சாரம்: மனிதன் ஏற்கப்படுவது தன் தகுதியால் அன்று, இறையருளால், ஏற்கப்பட்டவனின் உள்ளம் புதுப்பிக்கப்பட்டு அவன் நற்செயலுக்கு அழைக்கப்படுகிறான். அதாவது, நற்செயல் இரட்சிப்பின் விலையன்று. ஆனால் அது இல்லாமலும் முடியாது. எல்லோரும் மகிழ்ந்தனர் என்று எண்ண வேண்டாம். நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மானியப் பேராசிரியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். இன்றும் ஏற்காத புராட்டஸ்டன்ட் சபைகள் உண்டு. எனினும் மெதடிஸ்டுகள் 2006-இலும், சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு 2017-இலும் இணைந்துகொண்டன.

இதைப் படிக்கையில் எனக்கு நம் வரலாறு நினைவுக்கு வந்தது. பெரும்பாவம் செய்தவன் இஸ்லாத்தை விட்டே வெளியேறினான் என்று காரிஜிய்யாக்கள் வாளெடுத்தார்கள். ஈமான் இருந்தால் பாவம் ஒன்றும் செய்யாது என்று முர்ஜிஆக்களில் சிலர் மறு எல்லைக்குப் போனார்கள். பாவி முஃமினும் அல்லன், காஃபிரும் அல்லன், இரண்டுக்கும் இடைப்பட்டவன் என்று சொல்லி, வாஸில் இப்னு அதா ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களின் சபையிலிருந்து எழுந்து போனார் என்பர். அஹ்லுஸ் ஸுன்னத்திலும் பேச்சு ஒன்றல்ல. நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அமலையும் ஈமானில் சேர்த்தார்கள். அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஈமானின் வரையறையில் அமலைச் சேர்க்கவில்லை. ஆயினும் அமலைக் கைவிடச் சொல்லவுமில்லை. நம்மிலும் எத்தனை பேர், "கலிமா சொன்னவன்தானே, எப்படியும் ஒருநாள் சொர்க்கம் உண்டு" என்று வட்டிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? நான் கிறிஸ்தவர்மீது சுமத்திய குற்றம் என் தெருவிலேயே வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறது!

எவரையும் அவருடைய அமல் ஈடேற்றாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, தங்களையுமா என்று தோழர்கள் கேட்டார்கள். தம்மையும்தான், இறைவன் தன் ரஹ்மத்தால் தம்மைப் போர்த்தினாலன்றி என்று பெருமானார் (ஸல்) விடையளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இச்செய்தியை எத்தனையோ முறை ஓதிக் கொடுத்திருக்கிறேன். லுத்தரன்கள் கிருபை என்பதும், கத்தோலிக்கர் அருள் என்பதும், நாம் ரஹ்மத் என்பதும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைச் சரியான இடத்தில் காட்டுவதே நேர்மை.

ஆதமின் பாவத்தால் மனித இயல்பே வீழ்ந்தது, அவ்வீழ்ச்சியிலிருந்து மனிதன் தானாக எழ முடியாது, ஆகவே இறைவனே மனிதனாகி வந்து சிலுவையில் அப்பாவத்தின் விலையைச் செலுத்தினான் என்பது அவர்கள் நம்பிக்கை. கத்தோலிக்கரும் லுத்தரன்களும் இதில் ஒன்றுபட்டவர்கள். நாமோ, ஆதம் (அலை) தவ்பா செய்தார்கள், இறைவன் மன்னித்தான், கணக்கு அங்கேயே முடிந்தது என்கிறோம். பிறக்கும் குழந்தை தூய இயல்போடு பிறக்கிறது. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை. மன்னிப்பதற்கு இறைவனுக்கு இடையில் ஒரு பலி தேவையில்லை. ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் கொல்லப்படவுமில்லை. டீச்சரின் கணவர் நம்பிய அந்த 'அடைக்கப்பட்ட கடன்' எனக்கு இல்லை. என் கடனோடு நானேதான் நிற்க வேண்டும், அவன் தள்ளுபடி செய்வான் என்ற ஆதரவோடு. நமக்கும் அவர்களுக்கும் உள்ள பிரிவு இதுவேயன்றி, அவர்கள் ஒழுக்கத்தைத் துறந்தவர்கள் என்பதன்று.

அவர்கள் கணக்கில் நம் நிலை என்ன என்று சிலர் கேட்கக்கூடும். 1442-இல் புளோரன்ஸ் பேரவை, கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெளியே இருப்போர் எவர்க்கும் நித்திய வாழ்வில்லை என்றது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் பேரவையோ, தம் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல் இறைவனை உண்மையாகத் தேடி, மனச்சாட்சிப்படி நடக்க முயல்வோர் இரட்சிப்படையக்கூடும் என்றது. ஏக இறைவனை வணங்கும் முஸ்லிம்களையும் அவ்விடத்தில் பெயர் சொல்லிக் குறித்தது. சுவிசேஷ சபைகள் பல இதை ஏற்பதில்லை. அவர்கள் ஏற்பதையும் மறுப்பதையும் வைத்து நம் மறுமை நிற்கவில்லை. என்றாலும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில், "நான் சென்ற முறை சொன்னது தவறு" என்று சொன்னேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு, ஆதமின் பாவம், யார் சுமப்பது என்று எழுதி விளக்கினேன். கேள்வி கேட்ட அதே மாணவன் மறுபடி எழுந்தான்.

"அப்படியென்றால் டீச்சரம்மா சொர்க்கம் போவாங்களா, ஹஜ்ரத்?"

நம் அகீதா ஈடேற்றத்துக்கு எதை நிபந்தனையாக்குகிறது என்பதை மறைக்காமல் சொன்னேன். பெயர் குறித்து ஒருவருடைய முடிவைச் சொல்லும் அதிகாரம் எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் அன்றிரவு உறக்கம் வரத் தாமதமாயிற்று.

மறுநாள் அவன் தானாகவே டீச்சர் வீட்டுக்குப் போய், அச்சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அவன் உம்மா கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, டீச்சர் அவனைத் திண்ணையில் உட்கார வைத்து ஆங்கிலப் பாடத்தை ஒப்பிக்கச் சொன்னாராம். இரண்டு இடத்தில் தடுமாறினானாம். இப்போது வாரம் இரண்டு நாள் அங்கே போய்வருகிறான்.