பேருந்தில் ஏறாதவர்களின் போக்குவரத்துத் திட்டம்

இளம் தொழில்வாண்மையாளர்கள் ஒன்றுகூடிப் போக்குவரத்தின் எதிர்காலம் பற்றிக் கருத்துப் பகிர்வது கொழும்பில் ஒரு வழக்கமாகி வருகிறது. பொறியியலாளர், மென்பொருள் வல்லுநர், வங்கியாளர், நகர அமைப்பாளர் எனப் பலரும் வருகிறார்கள். செய்தியாளன் என்ற முறையில் இத்தகைய சில கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து கேட்டிருக்கிறேன். அவர்களது கல்வியையோ நாட்டுப்பற்றையோ நான் ஐயுறவில்லை. ஆனால் அங்கு பேசப்படுவது பெரும்பாலும் மோட்டார் காரின் எதிர்காலமே என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மின்சாரக் கார், சாரதியில்லாக் கார், கைத்தொலைபேசியில் அழைத்தால் வாசலுக்கு வரும் கார், இறுதியில் பறக்கும் கார். குழாய்க்குள் மனிதரை அம்புபோல் எய்துவிடும் ஹைப்பர்லூப் பற்றியும் ஒருவர் படம் காட்டுவார். அதன் பெயரால் பெருந்தொகை திரட்டிய அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் கடையை மூடிவிட்டது என்ற செய்தி அவருக்கு எட்டியதோ தெரியாது.

மின்சாரப் போக்குவரத்து இந்நகருக்குப் புதுமையுமல்ல. 1899 இல் கொழும்பு வீதிகளில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. 1960 வரை ஓடியது. 1953 முதல் 1964 வரை டிரொலி பஸ்களும் ஓடின. புகையில்லாத வண்டிகளைத் தாமே ஒழித்துவிட்டு, இன்று அவற்றைப் புதுமை என்று திரையில் காட்டும் நகரம் இது. மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீற்றர் தூரத்துக்கு 16 நிலையங்களுடன் இலகு ரயில் அமைக்க, 0.1 சதவீத வட்டியில் 40 ஆண்டு தவணையில் ஜப்பான் தந்த கடனுக்கு 2019 இல் ஒப்பந்தமாயிற்று. 2020 செப்டெம்பரில் ஜனாதிபதி செயலகத்திலிருந்து சென்ற ஒரு கடிதம் அதற்கு முடிவு கட்டியது. கண்டித்து எழுதியோர் சிலர் இருந்தனர். ஆனால் அந்தப் பாதையில் நாள்தோறும் காருக்குள் சிக்கிக் கிடந்த படித்த வர்க்கம் ஒரு நாளாவது வீதிக்கு வந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இவ்வர்க்கத்தால் இயலாது என்று நான் சொல்ல வரவில்லை. 2022 இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, கியூ.ஆர். குறியீட்டு முறையை மிகக் குறுகிய காலத்தில் உருவாக்கி நாடு முழுவதும் இயங்கச் செய்தவர்கள் நமது மென்பொருள் இளைஞர்கள்தாம். அதனை மனதாரப் பாராட்டுகிறேன். எனினும் அதன் ஆரம்பப் பங்கீட்டை நினைத்துப் பாருங்கள். வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், பஸ்ஸுக்கு 40 லீற்றர். ஒருவர் தனியே ஏறிச் செல்லும் வண்டிக்குக் கிடைத்ததன் இருமடங்குதான் அறுபது பேரை ஏற்றும் வண்டிக்கு. வரிசையில் நின்ற பஸ் உரிமையாளர்கள் கூச்சலிட்ட பின்னரே இ.போ.ச. சாலைகளில் அவர்களுக்கு டீசல் வழங்க ஏற்பாடாயிற்று. வாகனமே இல்லாதவனுக்கு அத்திட்டத்தில் ஒரு குறியீடும் இருக்கவில்லை.

வாகனமில்லாதவனின் பயணம் எப்படி நடக்கிறது? 1958 இல் பஸ் சேவை தேசியமயமானது. 1979 இல் மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. பெரும்பாலும் ஒரு பஸ்ஸுக்கு ஒரு முதலாளி. மாலையில் அவருக்குக் குறித்த தொகை போய்ச் சேர வேண்டும். மிஞ்சுவதே சாரதிக்கும் நடத்துநருக்கும். ஆகவே பஸ் நிரம்பும்வரை தரிப்பிடத்தில் உறுமிக்கொண்டு நிற்கும்; புறப்பட்டதும் முன்னே செல்லும் பஸ்ஸை முந்தப் பறக்கும். இதனை நாம் சாரதியின் ஒழுக்கக் கேடு என்று திட்டித் தீர்க்கிறோம். இது கணக்கு. சம்பளமும் வசூலும் தனித்தனியே பிரிக்கப்படாதவரை எந்தப் பொலிஸ் தண்டமும் இதை மாற்றாது. கணக்காளர்களும் பொருளியல் பட்டதாரிகளும் நிறைந்த சபையில் இந்தக் கணக்கைத் தீர்க்க ஒருவரும் எழுந்திருப்பதில்லை.

2025 மே 11 ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இ.போ.ச. பஸ் கொத்மலையில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏற்றக்கூடிய அளவைவிடக் கூடுதலானோர் அதிலிருந்தனர். ஏன் ஏறினார்கள்? அடுத்த பஸ் எப்போது வரும் என்பது இந்நாட்டில் எவருக்கும் நிச்சயமில்லை. கிடைத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டாவது போய்விடுவதே நமது பயணிகளின் நேரசூசி.

வடக்கின் கதை இன்னும் வெட்கத்துக்குரியது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பெருஞ்செலவில் புதிய பஸ் நிலையங்கள் கட்டினார்கள். ஒரே கூரையின் கீழ் நிற்பதா, யார் எத்தனை நிமிட இடைவெளியில் புறப்படுவது என்று இ.போ.ச.வும் தனியாரும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டனர். இணைந்த நேரசூசியை எதிர்த்து 2025 ஓகஸ்டில் இ.போ.ச. ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மண் இது. அதற்கும் முன்னே, மீனும் மரக்கறி மூட்டையும் பள்ளிப்பிள்ளையும் ஒன்றாகச் சுமந்த தட்டிவான் குறித்த நேரத்துக்குச் சந்தைக்கு வந்து சேர்ந்தது. இன்று வன்னிக் கிராமமொன்றிலிருந்து ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்பிள்ளை, வேலை முடிந்து எப்படி வீடு திரும்புவாள் என்பதற்கு விடை இல்லை. அண்ணனோ தம்பியோ மோட்டார் சைக்கிளோடு காத்திருக்க வேண்டும். அப்படி யாருமில்லாதவள் வேலையை விட்டுவிடுகிறாள்.

இ.போ.ச.வும் தனியாரும் ஒரே நேரசூசியில் ஓடுவதற்கான ஒழுங்கு, நாள் வசூலைப் பொதுவில் சேர்த்து ஓடிய தூரத்துக்குப் பணம் வழங்கும் கணக்கு, தரிப்பிடத்தில் நிற்கும் கிழவிக்கும் விளங்கும் ஒரு பலகை: இளைஞர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கியூ.ஆர். செய்த கைகளுக்கு இவை பெரிய வேலையில்லை.

அடுத்த கருத்துப் பகிர்வைக் கொழும்பு மண்டபத்தில் வைக்காமல், பரந்தன் சந்தியில் பொழுது சாய்ந்தபின் வைத்துப் பாருங்கள். முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ் வரும்வரை பேசுவதற்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும்.