கெப் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் பணம் புரளும் நாட்களில், இடம்பெயர்ந்த விவசாயிகளின் சங்கக் கூட்டங்களுக்கு நான் போகும் இடமெல்லாம் ஒரே கேள்விதான் வருகிறது. "பாதர், கூட்டாக ஒரு கெப் வாங்கப் போறம். எது கனகாலம் உழைக்கும்? பழைய ஜப்பான் கெப்பா, இந்தியப் பட்டாவா?" எஞ்சினைப் பற்றிக் குருவானவரிடம் கேட்கிறார்களே என்று சிலர் சிரிக்கலாம். குருமடத்தில் எமக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள். டீசல் எஞ்சினைக் கற்பித்தது கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட வீதிதான். அதற்கான கட்டணமும் குறைவாக இருக்கவில்லை.

இந்தக் கேள்வியை வெறும் வியாபாரக் கேள்வியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. 1990இன் வன்செயல்களில் ஊரை விட்டு வந்தவர்களும், 2004 டிசம்பர் 26 கடற்கோளில் கரையோரத்தை இழந்து உள்ளே குடியேற்றப்பட்டவர்களும் எம் வாசகர்களில் பலர். இவர்களுக்குக் குடியிருப்பு ஓரிடம், வயல் வேறோரிடம். விதைநெல்லும் பசளையும் வட்டைக்குப் போக வேண்டும், நெல் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். அதற்கு வாகனம் இல்லாத குடும்பம் முதலில் வயலைக் குத்தகைக்குக் கொடுக்கும். பின்பு ஈடு வைக்கும். அதற்குப் பின் நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இடம்பெயர்ந்தவரையும் அவரது காணியையும் கட்டி வைத்திருக்கும் கயிறாகப் பல இடங்களில் இந்த வாகனமே இருக்கிறது.

கெப் என்றதும் ஹைலக்ஸ் என்ற பெயர்தான் முன்னே வருகிறது. டொயோட்டா கம்பனி 1968இல் தொடங்கிய வண்டி அது. ஆபிரிக்காவின் சாட் நாட்டில் 1987இல் லிபியாவின் தாங்கிகளை இப்படியான கெப்களில் ஏறிச் சென்றே தோற்கடித்தார்கள். அந்தப் போருக்கு 'டொயோட்டாப் போர்' என்றே பெயர் வந்துவிட்டது. (இந்தப் புகழ் எனக்கு உவப்பானதல்ல. துவக்கோடு வந்து நின்ற கெப்களை எம்மவர்கள் இன்னும் மறக்கவில்லை.) 2003இல் பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, 1988ஆம் ஆண்டுக் கெப் ஒன்றைக் கடலில் மூழ்கடித்தது, தீ வைத்தது, தகர்க்கப்படும் கட்டடத்தின் உச்சியில் ஏற்றி விழுத்தியது. அவ்வளவுக்குப் பின்பும் சாதாரண ஆயுதங்களால் திருத்தி அதை ஓட்டிக் காட்டினார்கள். வாகனத் தரகர்கள் இதைச் சொல்லித்தான் முப்பது வருடப் பழைய வண்டிக்கு விலை கேட்கிறார்கள். ஆனால் அந்த வண்டி கமராவுக்காகச் சில நாட்கள் ஓடியது, பக்கத்திலேயே மெக்கானிக்குகள் நின்றார்கள். உங்கள் கெப்போ அடுத்த பத்து வருடம் உப்புக்காற்றில் நின்று நெல்லும் மீனும் சுமக்க வேண்டும்.

எங்கள் நிலையத்தின் கதையைச் சொல்கிறேன். எங்களிடம் ஒரு பழைய டபிள் கெப் இருந்தது, நல்ல எஞ்சின். டீசல் கெப்கள் பலவற்றில், 100,000 கிலோமீற்றர் ஆனதும் டாஷ்போட்டில் சிறிய விளக்கொன்று எரியும். டைமிங் பெல்ட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது என்பதே அதன் பொருள். எங்கள் விளக்கும் எரிந்தது. சாரதி வந்து சொன்னார். அந்த மாதம் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் பணம் தேவைப்பட்டது. "பிறகு பார்ப்போம்" என்றேன். மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் அதே பதில்தான் கொடுத்தேன். விளக்கு எரிந்துகொண்டே இருப்பது கண்ணை உறுத்தியதால் அதன் பல்ப்பைக் கழற்றச் சொன்னதும் நான்தான்.

ஜனவரிக் கடைசியில், கோமாரிப் பக்கத்து வயலிலிருந்து நெல் ஏற்றி வரும்போது தாண்டியடிக்கு அருகில் பெல்ட் அறுந்தது. டீசல் எஞ்சினில் காற்று மிக இறுக அமுக்கப்படுவதால், பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் வால்வுக்கும் இடைவெளி மிகச் சொற்பம். இரண்டும் முட்டிக்கொள்ளாமல் தாளம் தப்பாது ஓட வைப்பது அந்தப் பெல்ட்டுத்தான். அது அறுந்ததும் வால்வுகள் வளைந்துவிட்டன. கெப்பை இழுத்து வர வேறு வாகனம் கிடைக்கும்வரை இரவு முழுவதும் வீதியோரத்தில் கிடந்தோம். மழையும் பெய்தது. ஐந்து குடும்பங்களின் நெல் நனைந்து, வியாபாரி விலையை வெட்டினார். சாய்ந்தமருதில் எஞ்சினைத் திறந்த மெக்கானிக் காக்கா, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாதர், இந்தப் பெல்ட்டு போன வருஷமே கேட்டிருக்கு. நீங்கதான் குடுக்கல்ல." ஒரு பெல்ட்டுக்கான செலவை மிச்சம் பிடிக்கப் போய், அதைப் போலப் பல மடங்கு செலவழித்து ஹெட்டைத் திருத்தினோம். அந்த ஐந்து குடும்பங்களுக்கு ஏற்பட்ட நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ஆகவே எஞ்சின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், அதற்குள் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். பழைய ஹைலக்ஸ்களில் உள்ள 2எல், 3எல், 5எல் எஞ்சின்களுக்குப் பெல்ட் உண்டு. மிட்சுபிஷி எல்200இல் வந்த 4டி56 எஞ்சினுக்குப் பெரியதும் சிறியதுமாக இரண்டு பெல்ட்கள். சின்னது அறுந்து பெரியதில் சிக்கினால் இரண்டும் போகும் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். நிசானின் டிடி27இல் பெல்ட் இல்லை, பற்சக்கரங்களே அந்த வேலையைச் செய்கின்றன. இவற்றில் ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். காலத்துக்குப் பெல்ட் மாற்றிய 2எல், ஒயில் மாற்றாத டிடி27ஐ விட நீண்டநாள் ஓடும்.

2004க்குப் பின் வந்த புதிய கெப்களின் கதை வேறு. அவற்றில் டீசலை மிக உயர்ந்த அமுக்கத்தில் பீச்சும் 'கொமன் ரெயில்' முறை வந்தது. வலு அதிகம், புகை குறைவு. ஆனால் நொசிலின் துவாரங்கள் மிக நுண்ணியவை. டீசலில் கொஞ்சம் தண்ணீரோ அழுக்கோ கலந்தால் நொசில் போகும், பம்ப் போகும். 2022இல் நாடு எரிபொருளின்றித் தவித்தபோது கானிலும் பரலிலும் வாங்கிய டீசலைத்தான் பலர் ஊற்றினார்கள். மண்ணெண்ணெய் மலிவாக இருந்ததால் அதைக் கலந்தவர்களும் உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக விலை உயர்ந்த பிறகே அந்த ஆசை அடங்கியது. பம்ப்பின் உள்பாகங்களுக்கு டீசலேதான் ஒயிலாகவும் இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது, உலோகம் உலோகத்தைத் தின்னும். பழைய எஞ்சின் இதைச் சில காலம் பொறுத்துக்கொள்ளும், புதியது பொறுக்காது. புதிய எஞ்சினைச் சோதிக்கக் கணினியும் வேண்டும். அது பக்கத்தில் இல்லாவிட்டால், வெட்டுக் காலத்தில் வாகனத்தை எங்கே கொண்டு போவீர்கள், அதுவரை நெல்லை யார் ஏற்றுவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இனிப் பட்டா. இந்தியாவில் 2005இல் டாட்டா ஏஸ் என்று வந்து, இங்கே டிமோ பட்டா என்று பெயர் எடுத்த சின்ன வண்டி. இரண்டு சிலிண்டர், 702 சீசீ, 16 குதிரைவலு. சுமக்கக் கூடியது 750 கிலோ. மூடைக்கு 65 கிலோ என்று வைத்தால் 11 மூடை ஏற்றலாம். எம்மவர்கள் எத்தனை ஏற்றுகிறார்கள் என்பதை வெட்டுக் காலத்தில் சம்மாந்துறை வீதியில் நின்று எண்ணிப் பாருங்கள். பிறகு "இந்தியச் சாமான் உழைக்காது" என்று குறை சொல்வது நியாயமா? முக்கால் தொன் சுமைக்குச் செய்த வண்டியை முக்கால் தொன்னோடு ஓட்டினால், அதன் விலைக்கும் உதிரிப்பாகம் கிடைக்கும் இலகுவுக்கும் அது எம் மக்களுக்கு ஏற்ற வண்டி என்பதே என் அபிப்பிராயம். அதன் ஆபத்து எஞ்சினில் இல்லை, லீசிங்கில் இருக்கிறது. எமக்கு வருமானம் வருடத்தில் இரண்டு போகத்துக்கு இரண்டு தடவை, தவணையோ மாதாமாதம். இடைப்பட்ட மாதங்களில் தவணை கட்டுவதற்காக அதிக சுமை ஏற்றுகிறோம், ஒயில் மாற்றாமல் விடுகிறோம். இரண்டு பக்கத்தாலும் வண்டி தேய்கிறது.

கரையோரத்துக்கு என்றே ஒரு நோய் உண்டு, அது கறள். எஞ்சின் நன்றாக இருந்து செஸி உக்கிப்போன கெப்கள்தான் இங்கே அதிகம். காலையில் மீன் ஏற்றி, பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத்தண்ணீரைக் கழுவாமல், மாலையில் நெல் ஏற்றப் போகும் வண்டிக்கு ஆயுள் கிடையாது. நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவ அரை மணித்தியாலம் போதும். கடற்கோளின் பின் நாம் கண்டதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டுச் சாவியைத் திருகியவர்களின் எஞ்சின்கள் அந்த இடத்திலேயே முறிந்தன. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் கொனெக்டிங் றொட் வளையும். மழை வெள்ளத்திலும் இதே விதிதான். அதைவிடப் பெரிய விதி, ஓடும் வெள்ளத்துக்குள் வாகனத்தை இறக்கவே கூடாது என்பது. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு மதரஸாப் பிள்ளைகள் பலியானதை நாம் யாரும் மறக்க மாட்டோம். எஞ்சின் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் வெள்ளம் சில்லைத்தான் தூக்குகிறது.

பழைய கெப் வாங்குவதாயின் மீற்றரை நம்பாதீர்கள், அதைப் பின்னுக்குச் சுற்றுவது இலேசான வேலை. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பி விடுங்கள். ஒயில் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அதைத் தொடாதீர்கள். பாயை விரித்துப் படுத்து செஸியைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், உக்கிய இரும்பின் சத்தம் காதுக்குத் தெரியும். பதிவுப் புத்தகத்தில் நிதிக் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகளுக்கு ஏறிய விலை அவற்றின் தரத்தால் ஏறியதல்ல.

என் பதில் இதுதான்: கல்முனையில், அல்லது உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள், அந்த எஞ்சினைத் திறக்கத் தெரிந்த இரண்டு மெக்கானிக்குகளும் அதன் உதிரிப்பாகம் வைத்திருக்கும் ஒரு கடையும் இருந்தால் வாங்குங்கள். ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் வேண்டாம், அவர் வெளிநாடு போய்விட்டால் உங்கள் கெப் கோழிக்கூடு. மொறிஸ் மைனர் காரை இங்கிலாந்தில் செய்வது 1971இல் நின்றுபோனது. ஆனாலும் எம் நாட்டில் அது பல பத்தாண்டுகள் ஓடியது. 1990களில் காலியிலிருந்து அதன் உதிரிப்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். அந்தக் காரின் எஞ்சினில் அற்புதம் எதுவும் இல்லை. அதைத் திறக்கத் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருந்தன.

வாங்கிய பின் ஒரு கொப்பி போடுங்கள். நான்கு டயர் 40,000 கிலோமீற்றர் ஓடும் என்றால், டயர்களின் விலையை 40,000ஆல் பிரியுங்கள். பெல்ட்டின் விலையை 100,000ஆலும், ஒயிலையும் பில்டரையும் 5,000ஆலும் பிரியுங்கள். கூட்டி வருவதுதான் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நீங்கள் வண்டிக்குப் பட்ட கடன். ஒவ்வொரு பயணம் முடிந்ததும், கூலியைப் பங்கிடுவதற்கு முன், அந்தப் பணம் தனியாகப் போக வேண்டும். சூடடிக்கும் களத்தில் நின்ற வண்டிக்குக் காற்றுப் பில்டரை 5,000 வரை விடவும் கூடாது, நெல்தூசு ரிங்கை அரைத்துவிடும். ரேடியேட்டரையும் அன்றே ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். ஓட்டுவதற்கு ஒருவரையே பொறுப்பாக வையுங்கள். ஆளுக்கொரு நாள் ஓட்டும் வண்டியில் ஒயில் பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல.

தொண்டு நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் எங்களையும் சேர்த்தே சொல்கிறேன். கடற்கோளின் பின் இந்தக் கரையில் வெள்ளை வெள்ளையாக எத்தனை கெப்கள் ஓடின! திட்டம் முடிந்ததும் சில பற்றைக்குள் நின்றன. சங்கங்களுக்குக் கையளித்த வாகனங்களும் உண்டு. சாவி கொடுத்தோம், படம் பிடித்தோம், டயருக்கும் பெல்ட்டுக்கும் பணம் கொடுக்கவில்லை. இரண்டு வருடத்தில் வண்டி நின்றதும் "இவர்களுக்குப் பராமரிக்கத் தெரியாது" என்று அறிக்கை எழுதினோம். பல்ப்பைக் கழற்றச் சொன்ன என்னைப் பற்றி யாரும் அறிக்கை எழுதவில்லை.

அந்தக் கெப் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. விளக்குக்குப் புதுப் பல்ப் போட்டாயிற்று. அடுத்த பெல்ட் மாற்ற வேண்டிய கிலோமீற்றரை ஒரு கடதாசியில் எழுதி டாஷ்போட்டில் சாரதி ஒட்டி வைத்திருக்கிறார். இன்னும் 11,000 இருக்கிறது. அதற்கான பணத்தில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது.