பழைய பிரேக்கா, புது பிரேக்கா?

"அப்பா! இந்த பிரேக் பிடிக்கவே இல்லை. சைக்கிளுக்கு ஹைட்ராலிக் பிரேக் மாட்ட வேண்டும்" என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன்.

"வயரை இழுத்து முடுக்கினால் பிடிக்காமல் எங்கே போகும்? இருபது வருஷம் சைக்கிள் ஓட்டினேன். எத்தனை பிரேக் மாற்றினேன்?" என்று கேட்கிறார் தந்தை.

சேலத்தில் ஒரு வீட்டில் நடக்கிற வழக்கு என்று இதை வைத்துக்கொள்ளலாம். 'கியர் சைக்கிள்' நுழைந்த வீடுகள் பலவற்றில் இதே வழக்கு நடக்கத்தான் செய்கிறது. மகனுக்குப் புதுச் சாமான் மீது ஆசை. தந்தைக்குக் கைக்காசு மீது கவலை. யார் கட்சி நியாயம்?

இரண்டு கட்சியிலும் பாதி நியாயம்தான் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்கிறான் ஒருவன். மாற்ற வேண்டாம் என்கிறார் மற்றவர். ஆனால் இருவரில் ஒருவராவது குனிந்து அந்த பிரேக்கைப் பார்த்தாரா? இல்லை! நோய் இன்னதென்று தெரியுமுன்பே மருந்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

இது விளையாட்டான விஷயமும் அல்ல. அந்த மகன் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நண்பர்களோடு ஏற்காட்டுக்குக் கிளம்புகிறவன். ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை. இறங்கும்போதோ, 20 கொண்டை ஊசி வளைவுகள்! எதிரே பஸ் வரும், லாரி வரும். ஒரே ஒரு வளைவில் பிரேக் ஏமாற்றிவிட்டால், சிக்கனமா வீண் செலவா என்ற பேச்சுக்கே அப்புறம் இடம் இராது.

கிரீஸ் புகைந்த கதை

மலை சைக்கிள் பிறக்கும்போதே பிரேக் தொல்லையும் கூடப் பிறந்துவிட்டது. 1970-களில், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மரின் பகுதியில், சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலை மேல் ஏற்றிக்கொண்டு போய், மண் பாதை வழியே இறங்கி விளையாடினார்கள். பேர்பாக்ஸ் என்ற ஊருக்கு அருகே உள்ள ஒரு பாதையில் 1976 அக்டோபர் 21-ந் தேதி முதல் பந்தயம் நடந்தது. பாதையின் நீளம் சுமார் 3.4 கிலோ மீட்டர். அதற்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம்!

அந்த சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக் இருந்தது. பின் சக்கரத்தின் குடத்துக்குள் அது அடங்கியிருக்கும். ஒரு முறை மலை இறங்கி முடிப்பதற்குள் குடம் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். பிறகு குடத்தைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. திரும்ப அடைத்தல் என்று அதற்குப் பொருள்.

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. மலை இறக்கத்தில் பிரேக்குக்கு முதல் எதிரி வெப்பம்.

சைக்கிளும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் உயரம் இறங்குவதில் வெளிப்படும் சக்தி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரப் போதுமானது. அதில் ஒரு பங்கை எதிர்காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக இறங்குகிறவருக்கு, மீதி பெரும் பங்கு பிரேக்கின் தலையில்தான். ஏற்காட்டு மலையில் 1,000 மீட்டருக்கு மேல் இறக்கம் உண்டு. பத்து டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வெப்பத்தை இரண்டு மெல்லிய தகடுகள் தாங்க வேண்டும்! கடைத்தெருவுக்குப் போய் வரப் போதுமான பிரேக், மலைக்குப் போதாமல் போவது இதனால்தான்.

முதலில் நாடி பார்க்க வேண்டும்

ஆகவே மகனுடைய அச்சம் பொய் அல்ல. ஆனால் அவன் சொல்கிற பரிகாரம்தான் சரியா என்று பார்க்க வேண்டும்.

டிஸ்க் பிரேக்கில் தகட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பவை 'பேட்' என்கிற இரண்டு சிறு வில்லைகள். பிரேக் பிடிக்கவில்லை என்ற புகார்களில் பல இந்த வில்லைகளோடு முடிந்துவிடும். வில்லை தேய்ந்து அரை மில்லி மீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. அதற்கு மேலும் ஓட்டினால் இரும்பு இரும்போடு உரசித் தகட்டையும் தின்றுவிடும்.

பிரேக் போட்டதும் கிறீச் என்று தெருவே திரும்பிப் பார்க்கிறாற்போல் சத்தம் வந்து, சைக்கிள் மட்டும் நிற்காமல் போகிறதா? தகட்டில் எண்ணெய் பட்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். சங்கிலிக்கு ஸ்பிரே எண்ணெய் அடிக்கும்போது தூவானம் பக்கத்திலுள்ள தகட்டிலும் விழுகிறது. தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்துவிடலாம். எண்ணெய் குடித்த வில்லையைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

புது வில்லை மாட்டிய உடனே மலைக்கு ஓடிவிடக் கூடாது. சமதளத்தில் வேகமாகப் போய், நடை வேகத்துக்கு வரும்வரை பிரேக் பிடித்து விட வேண்டும். இப்படி இருபது தடவையாவது செய்தால்தான் வில்லையும் தகடும் ஒன்றுக்கொன்று பழகும். இதைச் செய்யாமல், "புதுச் சாமானும் மோசம்" என்று திட்டுகிறவர்கள் உண்டு.

தகட்டையும் கவனிக்க வேண்டும். எவ்வளவு கனம் வரை தேயலாம் என்பது தகட்டிலேயே பொறித்திருக்கும். 1.8 மில்லி மீட்டர் தகடு 1.5-க்கு வந்துவிட்டால் மாற்றுவது வழக்கம்.

வயர் பிரேக்கில் துருப்பிடித்த வயரும், மடங்கிய உறையும் பாதிப் பலத்தைத் தின்றுவிடும். தந்தை சொல்கிறபடி வயரை மட்டும் முடுக்கிக்கொண்டே போவதும் தவறு. வில்லை தேய்ந்த அளவுக்கு, வில்லையைத் தகட்டின் பக்கம் நகர்த்தும் திருகைத்தான் திருப்ப வேண்டும். வயரையே இழுத்துக் கட்டினால் பிரேக்கின் கை பாதி தூரம் முன்பே திரும்பி நின்றுவிடும். அழுத்துகிற பலம் குறையும். வில்லை தேய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும். அவர் இருபது வருஷம் ஓட்டியது வேறு சைக்கிள், வேறு பிரேக்!

எண்ணெயிலே இரண்டு வகை

ஹைட்ராலிக் பிரேக் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. பிடியை அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கி ஹேண்டில்பாரைத் தொடுகிறதா? குழாய்க்குள் காற்று புகுந்திருக்கக்கூடும். ஏர் எடுத்துப் புது எண்ணெய் விட்டால் பிரேக் உயிர் பெற்றுவிடும். இதற்காக முழு பிரேக்கையும் கழற்றி எறிவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

ஆனால் எந்த எண்ணெய் என்பது முக்கியம். ஷிமானோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் பிரேக்குகளில் பலவற்றுக்கு 'டாட்' எண்ணெய். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டு, நல்ல பிரேக்கும் குப்பைக்குப் போகும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற பிரேக் ஆயில் எல்லா சைக்கிளுக்கும் ஆகாது.

டாட் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புதிதாக இருக்கும்போது டாட்-4 எண்ணெய் 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி உண்டானால் பிடி அமுங்கும், பிரேக் பிடிக்காது. பல வருஷம் எண்ணெய் மாற்றாத பிரேக்கோடு மலை இறங்குவது எத்தகைய துணிச்சல் என்று சொல்ல வேண்டியதில்லை.

பலம் கூட்ட ஒரு வழி

எல்லாம் சரியாக இருந்தும் பலம் போதவில்லையா? அப்போதும் பெரிய செலவுக்கு முன்னால் ஒரு சிறு செலவு இருக்கிறது. முன் சக்கரத்தின் தகட்டைப் பெரிதாக்கலாம். 160 மில்லி மீட்டர் தகட்டுக்குப் பதில் 180 போட்டால் அதே கைப்பலத்துக்கு எட்டில் ஒரு பங்கு அதிகமாகப் பிடிக்கும். 203 போட்டால் கால் பங்குக்கு மேலேயே கூடும். பெரிய தகடு வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்வதால், முன் சக்கரத்துக்குத்தான் முதல் உரிமை. ஆனால் முன் போர்க் எவ்வளவு பெரிய தகட்டை ஏற்கும் என்று செய்த கம்பெனி சொல்லியிருக்கும். அந்த அளவைத் தாண்டுவது, ஓர் ஆபத்தைத் தவிர்க்க இன்னோர் ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

இன்னொன்றும் உண்டு. பிரேக் நிறுத்துவது சக்கரத்தைத்தான். சைக்கிளை நிறுத்துவது டயர்! பிடித்தவுடன் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது என்றால் பிரேக்கில் பலம் குறைவில்லை. தேய்ந்த டயரை மாற்றாமல் பிரேக்கை மாற்றி என்ன பிரயோஜனம்?

எப்போது மாற்றியே தீர வேண்டும்?

பழுது பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. காலிபரிலிருந்தோ பிடியிலிருந்தோ எண்ணெய் கசிந்து, உதிரிச் சாமான் கிடைக்கவில்லை என்றால் மாற்ற வேண்டும். பிடியில் விரிசல் கண்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும். மலிவான வயர் பிரேக்கில் கை ஆடிக்கொண்டிருந்தால், புது வில்லையும் புது வயரும் போட்டும் மலையில் பிடிக்கவில்லை என்றால், அதைக் கட்டிக்கொண்டு அழுவது சிக்கனம் அல்ல. வாரந்தோறும் மலை ஏறுகிறவனுக்கு நல்ல ஹைட்ராலிக் பிரேக் ஆடம்பரமும் அல்ல. ஆனால் புது பிரேக்கின் விலை சைக்கிள் விலையில் பாதியைத் தொடுமானால், அந்த சைக்கிள் மலைக்கு ஏற்றதுதானா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கடைக்காரரிடம், "புது பிரேக் என்ன விலை?" என்று கேட்பதற்கு முன்னால், "இந்த பிரேக்குக்கு என்ன கோளாறு?" என்று கேட்க வேண்டும். நல்ல மெக்கானிக் தகட்டைச் சுற்றிப் பார்ப்பார்; வில்லையைக் கழற்றிக் காட்டுவார். பார்க்காமலே பெட்டியைப் பிரித்து நீட்டுகிறவர் வியாபாரி மட்டுமே.

இனி அந்தச் சேலத்து வழக்கின் தீர்ப்புக்கு வரலாம். மெக்கானிக் வில்லையைக் கழற்றினால் எண்ணெய் பளபளக்கிறது. சங்கிலிக்கு ஸ்பிரே அடித்தது யார்? மகன்தான்! வயரோ கடைசித் திருகு வரை முடுக்கப்பட்டிருக்கிறது. முடுக்கியது யார்? தந்தைதான்! முதலில் இரண்டு ஜோடி வில்லை, புது வயர், புது உறை. அவற்றோடு ஒரு வாரம் சமதளத்தில் பழகிப் பார்க்க வேண்டும். பிறகு சின்ன இறக்கத்தில் சோதிக்க வேண்டும். அதிலும் தேறவில்லை என்றால் மகன் கேட்டதைத் தந்தை தயங்காமல் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மலைக்குப் பழையது, புதியது என்ற பேதம் கிடையாது. இறங்குகிறவனின் பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விதான். அதற்கு அடிவாரத்திலேயே பதில் தெரிந்துகொண்டு ஏறுகிறவன் பத்திரமாக வீடு திரும்புவான்.