மடியில் நிற்காத மடிக்கணினி

காலையில் லண்டனின் கோலியர்ஸ் வுட் நிலையத்தில் நார்தர்ன் லைன் ரயில் ஏறுபவருக்கு உட்கார இடம் கிடைப்பதே அபூர்வம். மடிக்கணினியும் டேப்லெட்டும் ஒன்றான கருவிக்கு இதைவிடக் கடுமையான பரீட்சைக்கூடம் கிடையாது.

இத்தகைய கருவியைப் பற்றி, டோஸ்டரையும் குளிர்பதனப் பெட்டியையும் ஒன்றாக்கலாம், ஆனால் வாங்குபவருக்குப் பிடிக்காது என்று 2012 ஏப்ரலில் ஆப்பிளின் டிம் குக் கிண்டலடித்தார். இரண்டே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அதே வகையிலான 'சர்ஃபேஸ்' கருவியை அறிவித்தது. மறு ஆண்டே, தேங்கிக் கிடந்த சர்ஃபேஸ் ஆர்டி வகைக்காக 90 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. குக் சொன்னது பலித்துவிட்டதா? இல்லை. 2014இல் 12 அங்குலத் திரை, 800 கிராம் எடையுடன் வந்த சர்ஃபேஸ் புரோ 3 தேறியது. கிண்டலடித்த ஆப்பிளே 2015இல் ஐபேட் புரோவுக்கு விசைப்பலகை விற்றது. 2020இல் டச்பேடும் சேர்த்தது.

ஆனாலும் மடிப் பிரச்சினை தீரவில்லை. சர்ஃபேஸின் முட்டுக்கால் மேசையில் உறுதியாக நிற்கும். ஆடும் ரயிலில், தொடைமேல் வழுக்கும். ஐபேடின் விசைப்பலகையோ கருவிக்கு நிகராகக் கனக்கிறது.

நின்றபடி படிப்பவர், படம் வரைபவர், கையெழுத்து வாங்கித் திரிபவர் தாராளமாக வாங்கலாம். நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவருக்குச் சாதாரண மடிக்கணினியே மேல். கடைக்குப் போனால் மடியில் வைத்துப் பத்து வரி தட்டிப் பாருங்கள். விசைப்பலகைக்குத் தனி விலையா என்றும் கேளுங்கள்.