மூக்கடைப்புக்கு பாட்டில் எதுக்குங்க?

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. ரெண்டு தரப்பும் திட்டப்போறீங்க. பரவாயில்லை.

மார்கழி, தை வந்துட்டா எங்க இண்டூர் மாதிரி ஊர்கள்ல மெடிக்கல் ஷாப் வாசல்ல தினமும் கேக்கற வசனம் இது: "அண்ணா, பாப்பாவுக்கு மூக்கடைச்சிருக்கு, பால் குடிக்க மாட்டேங்குது, சளி மருந்து ஒண்ணு குடுங்க." சீட்டு இருக்கான்னு கேக்கறதில்லை. குழந்தைக்கு என்ன வயசுன்னும் கேக்கறதில்லை. மூணு மாசக் குழந்தைக்குன்னு தெளிவா சொல்லியும் ஒரு கடையில சிரப்பை எடுத்து நீட்டினதை நானே பக்கத்துல நின்னு பார்த்தேன். கேட்டதுக்கு, "எல்லாரும் இதைத்தான் சார் வாங்கறாங்க"ன்னு பதில். என்ன ஒரு மருத்துவ ஆராய்ச்சி!

2025 அக்டோபர்ல நடந்தது அதுக்குள்ள மறந்துபோச்சா? கோல்ட்ரிஃப். எங்கியோ வடக்குல தயாரானது இல்லைங்க, நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல, சுங்குவார்சத்திரத்துல தயாரானது. மத்தியப் பிரதேசத்துல சிந்த்வாரா பக்கம் அதைக் குடிச்ச 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு செத்துப்போனாங்க. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதிச்சப்போ 48.6% டைஎத்திலீன் கிளைகால் இருந்துச்சு. 0.1% தாண்டக்கூடாத விஷம்! கம்பெனியை மூடினாங்க, லைசென்ஸை ரத்து பண்ணினாங்க. நாமளும் "அந்த ஒரு பிராண்டுதான் மோசம்"னு பக்கத்து பாட்டிலை வாங்க ஆரம்பிச்சுட்டோம்.

என் கோவமே அங்கதான். அந்த பாட்டில்ல விஷம் இல்லாம இருந்திருந்தாலும் சின்னக் குழந்தைக்கு அது தேவையில்லாத மருந்து. அதுல இருந்தது பாராசிட்டமாலும், குளோர்பெனிரமின் - ஃபினைலெஃப்ரின் கூட்டணியும். அந்தக் கூட்டணியை 4 வயசுக்குக் கீழ குடுக்கக்கூடாதுன்னு லேபிள்லயே போடச்சொல்லி 2023 டிசம்பர்லயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டாச்சு. 2025 அக்டோபர்ல மத்திய சுகாதாரத் துறையும், ரெண்டு வயசுக்குக் கீழ இருமல், சளி மருந்தே வேண்டாம்னு அறிவுறுத்துச்சு. இதுக்கு மேல யாரு வந்து சொல்லணும்?

"குடுத்தா நல்லா தூங்குதே, மருந்து கேக்குதே"ம்பாங்க. குளோர்பெனிரமின் தூக்கம் வரவைக்கிற மருந்து, தூங்கத்தான் செய்யும். மூக்கு அப்படியேதான் இருக்கும். தூக்கக் கலக்கத்துல குழந்தை இன்னும் கம்மியாத்தான் பால் குடிக்கும். அழுகை நின்னதுல வீட்டுக்கு நிம்மதி, அவ்ளோதான்.

சரி, குழந்தை ஏன் குடிக்க மாட்டேங்குது? பச்சைக் குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாத்தான் மூச்சு விடும். வாயில காம்பு, மூக்குல அடைப்பு. நாலு தடவை உறிஞ்சிட்டு மூச்சுக்காக விட்டுட்டு அழும். பசி இல்லாம இல்லை. அடைப்பை எடுத்துட்டா தானா குடிக்கும். அதுக்கு உப்புத்தண்ணி போதும். சலைன் சொட்டு மருந்துன்னு கடையிலேயே கிடைக்குது, 0.65% சோடியம் குளோரைடு. பால் குடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒவ்வொரு மூக்குலயும் ஒண்ணு ரெண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து, வெளிய வர்றதை மெல்லிசுத் துணியால துடைச்சுடுங்க. ரப்பர் பல்பு வெச்சு உறிஞ்சறதுன்னா மெதுவா, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவைக்கு மேல வேண்டாம், உள்ள புண்ணாகும். பால் குடிச்ச பின்னாடி இதைப் பண்ணினா குடிச்சதெல்லாம் வெளிய வந்துடும். தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க.

இப்போ அடுத்த தரப்பு. கோல்ட்ரிஃப் செய்தி வந்ததுமே "பாத்தியா, பாட்டி வைத்தியம்தான் பெஸ்ட்"னு கிளம்பிட்டாங்க. பாட்டிகள் மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா குளிப்பாட்டும்போது மூக்குல எண்ணெய் விட்டு ஊதறது? அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போனா நிமோனியாதான். கற்பூரத்தை எண்ணெய்ல காய்ச்சி நெஞ்சுல தடவறது? கற்பூரம் உடம்புல ஏறினா கைக்குழந்தைக்கு வலிப்பே வரலாம். சாம்பிராணிப் புகையைப் போட்டா ஏற்கெனவே அடைச்ச மூக்கு இன்னும் வீங்கும். பழசுங்கறதால மட்டும் ஒண்ணு பத்திரமாயிடாது.

எல்லா மூக்கடைப்பும் உப்புத்தண்ணியோட முடியற விஷயம் இல்லை. நெஞ்சு உள்ள இழுக்குதா, மூக்கு விடைக்குதா, உதடு நீலமாகுதா, பாலையே தொடலையா, மூணு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்குக் காய்ச்சலா? இதுல ஒண்ணு இருந்தாலும் கிளம்பிடுங்க. குழந்தை அமைதியா இருக்கறப்போ ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள 60, அதுக்கு மேல ஒரு வயசு வரைக்கும் 50, அதை எட்டினாலே 108க்கு போன் போடுங்க. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. பொழுது விடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க.

டிஸ்கி: கடையில "மூக்கு சொட்டு மருந்து"ன்னு பொதுவா கேக்காதீங்க. ஆக்ஸிமெட்டசோலின், ஸைலோமெட்டசோலின் இருக்கற சொட்டு மருந்தும் அதே மாதிரி குட்டி பாட்டில்லதான் வருது. டாக்டர் சொல்லாம அதைக் கைக்குழந்தைக்கு விடக்கூடாது. "சலைன்"னு கேட்டு வாங்கி, சோடியம் குளோரைடு மட்டும்தான் இருக்கான்னு லேபிளைப் படிச்சுட்டு வீட்டுக்குப் போங்க.