கூட்டம் நடத்துகிறவனும் விளையாடுகிறான்தான்

"நீ கேம் விளையாடேல்லை மச்சான், கூட்டம் நடத்துறாய்."

ஸ்டெல்லாரிஸ் விளையாடுகிற யாரிடமாவது 'நான் இராஜதந்திர வழியில போறன்' என்று சொல்லிப் பாருங்கள். இந்த மாதிரி ஒரு பதில்தான் வரும். எனக்கு இதைச் சொன்னவன் என் அறைத் தோழன். விண்வெளி வியூக விளையாட்டு என்றால் கப்பல் கட்ட வேணும், அடிக்க வேணும், வரைபடம் முழுக்க ஒரே நிறமாக வேணும். மற்றதெல்லாம் பயந்தாங்கொள்ளி வேலை. இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இந்த எண்ணம் இன்று நேற்று வந்ததில்லை. 1993இல் மாஸ்டர் ஒஃப் ஓரியனைப் பற்றி எழுதிய அலன் எம்ரிச், அந்த வகை விளையாட்டை விளக்க நான்கு சொற்களை அடுக்கினார்: தேடு, பரவு, சுரண்டு, ஒழித்துக்கட்டு. ஆங்கிலத்தில் நான்கிலும் எக்ஸ் ஒலி வருவதால் 'ஃபோர் எக்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பட்டியலில் 'பேசு' என்ற சொல் இல்லை. ஆனால் அதே மாஸ்டர் ஒஃப் ஓரியனுக்குள் ஒரு சபை இருந்தது. சனத்தொகைக்கு ஏற்ப வாக்கு. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் வாக்கெடுப்பிலேயே ஆட்டத்தை வெல்லலாம். விளையாட்டைச் செய்தவர்கள் பேச்சுக்கு இடம் வைத்தார்கள். பெயர் வைத்தவர் விட்டுவிட்டார்.

சரி, வீரத்தைப் பற்றியே கதைப்போம். ஸ்டெல்லாரிஸில் இரண்டு படைகள் மோதத் தொடங்கியபின் உங்கள் கையில் என்ன இருக்கிறது? பின்வாங்கச் சொல்லும் ஒரு பொத்தான். மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். எந்த ஆயுதம், எந்தக் கவசம் என்று முதலே தீர்மானிக்க மூளை வேணும், அதை மறுக்கவில்லை. ஆனால் 'சண்டைதான் விளையாட்டு' என்று மார்தட்டுகிறவர்கள் சண்டை நடக்கும்போது பார்வையாளர்கள்தான்.

அந்தச் சண்டைக்கு விலையும் உண்டு. ஒரு இடத்துக்கு உரிமை கோரவே செல்வாக்கைச் செலவழிக்க வேணும். போர் நீண்டால் சோர்வு ஏறும். பிடித்த கோளில் இருப்பவர்கள் உங்களை வெறுப்பார்கள். நாடு பெருக்கப் பெருக்க ஆராய்ச்சிச் செலவும் கூடும். இதற்குப் பதில் பக்கத்து நாட்டோடு ஒரு குடிபெயர்வு உடன்படிக்கை செய்து பாருங்கள். உங்கள் இனத்துக்கு ஒத்துவராமல் சும்மா கிடந்த பாலைவனக் கோள்களில் அவர்களின் ஆட்கள் வந்து குடியேறுவார்கள். இது கோழைத்தனம் என்றால் நான் கோழையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

2020 மார்ச்சில் 'ஃபெடரேஷன்ஸ்' என்ற விரிவாக்கம் வந்தபிறகுதான் இந்த வழி முழு விளையாட்டாக மாறியது. நாடுகளின் சபை, தீர்மானங்கள், தடைகள் எல்லாம் அதோடு வந்தவை. ஒரு ஆட்டத்தில் நான் சின்ன நாடு. பக்கத்தில் அடிமை வியாபாரத்தில் கொழுத்த பேரரசு. மோதினால் நான் தூள். அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் தீர்மானத்தைச் சபைக்குக் கொண்டுபோனேன். தோற்றேன். கணக்கைப் பார்த்தால், ஏதோ ஒரு மூலையில் இருந்த வணிக நாடு எதிர்த்து வாக்களித்திருந்தது. அதற்குத் தூதரை அனுப்பினேன், ஆராய்ச்சி உடன்படிக்கை செய்தேன், வருடக்கணக்காக நம்பிக்கை வளரும்வரை காத்திருந்தேன். மற்ற நாடுகளிடம் சேர்த்து வைத்திருந்த உதவிக் கடன்களை வாக்காகத் திருப்பிக் கேட்டேன். இரண்டாம் தடவை மயிரிழையில் நிறைவேறியது. என் கப்பல் ஒன்றும் நகரவில்லை, ஆனால் அந்தப் பேரரசின் வியாபாரம் படுத்துவிட்டது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எந்தப் போரை வென்றும் அப்படி இருந்ததில்லை.

'ஃபெடரேஷன்' என்பதைத் தமிழில் சொல்லப் போனால் எங்களுக்குச் 'சமஷ்டி' என்ற சொல்தான் வாய்க்கு வரும். 1949இல் தொடங்கப்பட்ட ஒரு கட்சியே அந்தப் பெயரில் அழைக்கப்பட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெருமூச்சோடு மட்டுமே உச்சரிக்கும் சொல். விளையாட்டில் வருவது உண்மையில் சமஷ்டி இல்லை, தனி நாடுகளின் கூட்டு. அது தெரியும். இருந்தாலும் போருக்குப் போவதை யார் தீர்மானிப்பது, தலைவர் எப்படி வருவார், ஆட்கள் கூடக் கூடக் கூட்டு ஏன் தளர்கிறது என்றெல்லாம் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கக் கிடைத்தது எனக்கு அங்கேதான். அரசறிவியல் விரிவுரையில் தூங்கிய பகுதி இது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான வாதம் உண்டு. கணினி நடத்தும் நாடுகளுக்குப் புத்தி குறைவு; பரிசை அள்ளிக் கொடுத்தால் பல்லைக் காட்டும்; எல்லாம் கூட்டல் கழித்தல். உண்மைதான். சம்மதிக்குமா, மாட்டாதா என்பதை எண் போட்டே காட்டிவிடும். ஆனால் படைபலமும் எண்தானே? அதை மட்டும் ஏன் 'திறமை' என்கிறோம்? பேச்சுவார்த்தைப் பகுதி மெலிவாக இருந்தால் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேணும். விமர்சனம் எழுதுகிறவர்கள் கப்பல் வகைகளையே எண்ணிக்கொண்டிருந்தால் செய்கிறவர்களும் கப்பலைத்தான் கூட்டுவார்கள்.

இராஜதந்திரம் என்றால் வெள்ளைப் புறா என்றும் நினைக்க வேண்டாம். 2021இல் வந்த 'நெமிசிஸ்' விரிவாக்கத்தில் சபை ஒரு நாட்டைக் காவலராகத் தெரிவு செய்யலாம். பிறகு தவணையை நீட்டலாம். பிறகு அவரையே பேரரசராக்கலாம். எல்லாமே வாக்கெடுப்பில்தான் நடக்கும்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து விளையாடிய ஆட்டத்தில் அதுதான் நடந்தது. பொது எதிரி வந்துவிட்டது, ஒருவர் கையில் அதிகாரத்தைக் கொடுப்போம் என்று எங்களில் ஒருவன் கேட்டான். நானும் ஆம் போட்டேன், அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். எதிரி தொலைந்தபிறகும் அவன் இறங்கவில்லை. தவணை நீடிப்புக்கு நான் எதிர்த்து வாக்களித்தேன். என் அறைத் தோழன், எங்கள் நாலு பேரில் பெரிய படை வைத்திருந்தவன், கப்பல் கட்டுகிற அவசரத்தில் தீர்மானத்தை வாசிக்காமலே ஆம் போட்டுவிட்டான். அடுத்ததுக்கும் ஆம். திடீரென்று பார்த்தால் அவனுக்கு மேலே ஒரு பேரரசர்.

இப்போது இரவில் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலுக்கு வருகிறான்.

"டேய், அந்தாளின்ர அதிகாரத்தைக் குறைக்கத் தூதரை எங்க மச்சான் அனுப்புறது?"