தீப்புண்ணுக்கு மருந்துண்டு, திகைத்த மனத்துக்கு?

 

2021 பிப்ரவரி 12 அன்று, விருதுநகர் மாவட்டம் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்துச் சிதறியது. 19-க்கும் குறையாத உயிர்கள் பலியாயின. இறந்தோர் குடும்பங்களுக்குப் பிரதமரின் நிவாரண நிதியிலிருந்து தலா 2 லட்சம், மாநில அரசிடமிருந்து தலா 3 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தாமாகவே வழக்கை எடுத்தது. இறந்தோர் எண்ணப்பட்டனர், தீக்காயங்கள் அளக்கப்பட்டன. அந்த ஓசையோடு உறக்கத்தைத் தொலைத்தவரை எந்தப் பதிவேடு எண்ணியது என்பதே நம் கேள்வி.

தீக்காயப் பிரிவிலிருந்து வீடு திரும்புவதோடு துயரம் முடிவதில்லை. வேறு பிழைப்பற்றவர் அதே மருந்து நெடிக்கும் அதே வேலைக்கும் திரும்பியாக வேண்டும். சிறு சத்தத்துக்கும் நெஞ்சு பதறும், கை நடுங்கும். ஓர் உராய்வே உயிர் குடிக்கும் அறையில், நடுங்கும் கை ஒருவருக்கு மட்டும் ஆபத்தன்று. ஆகவே பட்டாசுத் தொழிலில் மனநலம் என்பது பாதுகாப்பின் ஒரு பகுதியே.

'மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறதே' என்பர். இருக்கிறது. ஆனால் நகரத்தில் மருத்துவர் இருப்பதும், கிராமத்து ஏழைக்குச் சிகிச்சை கிடைப்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணம், இழக்கும் ஒருநாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி என இலவச மருந்துக்கும் விலை உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18-ஆம் பிரிவில், அரசுச் சேவைகளின் வழியே மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. உரிமை ஏட்டில் உறங்கினால் யாருக்குப் பயன்?

அரசை மட்டும் சாடிவிட்டு நம் சமுதாயம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் மூண்ட தீயில் 28 மனநோயாளிகள் மாண்டனர். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எப்படி ஓடித் தப்பியிருக்க முடியும்? சங்கிலியால் பிணைப்பதை 2017 சட்டம் முற்றாகத் தடுத்துவிட்டது. ஆயினும் 'ஷைத்தானின் சேட்டை', 'ஈமான் பலவீனம்' என்னும் சொற்சங்கிலிகள் இன்னும் அறுபடவில்லை.

மகன் யூசுஃபைப் பிரிந்த யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போனதைத் திருக்குர்ஆன் சொல்கிறது. ஒரு நபியின் துயரத்தை ஈமான் குறைவென்று கூற யாருக்குத் துணிவு வரும்? நோய்க்கு மருந்து தேடுமாறு நம் நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். உடலுக்கு மட்டும் என்று எல்லை வகுக்கவில்லை. அபூ ஸைத் அல்பல்கீ பத்தாம் நூற்றாண்டிலேயே உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தார். 1284-இல் கெய்ரோவில் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. துஆவும் மருந்தும் பகையல்ல. சபுர் செய் என்று சொல்லிவிட்டு மருத்துவரிடம் செல்லும் வழியை அடைப்பது சபுரும் ஆகாது, மார்க்கமும் ஆகாது.

அரசிடம் நாம் கோருவன: பட்டாசு விபத்து நிகழும் ஒவ்வோர் ஊரிலும் மனநல ஆலோசகர்கள் வீடுதேடிச் செல்ல வேண்டும்; அதுவும் ஊடகங்கள் கலைந்துபோன பிறகும், ஓராண்டேனும் தொடர வேண்டும். மருந்து ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். இழப்பீட்டுக் கணக்கில் மனக்காயமும் இடம்பெற வேண்டும்.

ஜமாஅத்துகளிடம் நாம் கோருவன: சிகிச்சைக்குச் செல்லும் ஏழையின் பயணச் செலவையும் அன்றைய கூலியையும் பைத்துல்மால் ஏற்கட்டும், அவர் எம்மதத்தவராயினும் சரியே. வெடித்த தீ மதம் பார்க்கவில்லை. இரவும் பகலும் கட்டணமின்றி இயங்கும் 14416 என்னும் டெலி மனாஸ் எண்ணை ஜும்ஆ மேடையில் ஆலிம்கள் அறிவிக்கட்டும். ஓதிப்பார்க்க வருவோரை, ஓதிய பின் மருத்துவரிடமும் அனுப்பி வைக்கட்டும்.

உடைந்த உள்ளங்களுக்கு வல்ல அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக! அதற்குரிய வழிகளைத் திறந்துவிடும் பொறுப்பை நமக்கு உணர்த்துவானாக! ஆமீன்.